சேறு, சுகர்பீட், விமான ஓடுதளம்: நார்ஃபோக்கின் பறவைகள்

இங்கிலாந்து வரைபடத்தின் கிழக்குப் பக்கத்தில் தொப்பை போல வட கடலுக்குள் தள்ளிக்கொண்டு நிற்கும் கவுண்டிதான் (நம் மாவட்டம் போன்றது) நார்ஃபோக். பரப்பளவு சுமார் 5,400 சதுர கிலோமீட்டர். மலை கிடையாது, இருப்பதெல்லாம் மேடு என்று சொல்லத்தக்கவைதான். ஆனால் பிரிட்டனில் பறவை பார்ப்பவர்களிடம் எந்தக் கவுண்டிக்குப் போகலாம் என்று கேட்டால் அதிகம் பேர் சொல்லும் பெயர்களில் இது ஒன்று. இதுவரை 400க்கும் அதிகமான பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

இயற்கை அப்படியே விட்டுவைத்த மண் என்பதால்தான் இவ்வளவு பறவை என்று நினைத்துக்கொள்வது சுலபம். நார்ஃபோக்கில் நடந்தது ஏறக்குறைய நேர்மாறு. இந்த ஊரில் பறவைகள் கூடும் முக்கியமான இடங்கள் அநேகமாக எல்லாமே மனிதர்கள் தோண்டியவை, வடித்தவை, உழுதவை, அல்லது விட்டுவிட்டுப் போனவை. ஒவ்வொரு பருவத்துக்கும் வருகிற பறவையைப் பார்த்தால் இது தெரியும்.

குளிர்காலத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நார்ஃபோக்குக்கு அதுதான் உச்சப் பருவம். நமக்கு இங்கிலாந்தின் டிசம்பர் என்றால் ஏழரை மணி நேரப் பகலும் நடுக்கமும்தான் நினைவுக்கு வரும். ஆர்க்டிக்கிலிருந்து புறப்படும் பறவைக்கோ அது இதமான ஊர். சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரும் ஏறத்தாழ இதே அட்சரேகையில்தான் இருக்கிறது. அங்கே ஜனவரியில் எல்லாம் உறைந்து கிடக்கும். நார்ஃபோக்கிலோ அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பால் கழிமுகச் சேறு பெரும்பாலும் உறைவதில்லை. சேறு உறையாவிட்டால் அதற்குள் இருக்கும் புழுவும் சிப்பியும் அலகுக்கு எட்டும். இலை உதிர்ந்து மனிதர்கள் வீட்டுக்குள் முடங்கும்போதுதான் இங்கே வானம் நிறைகிறது.

செப்டம்பர் நடுவில் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் வரத் தொடங்கும். ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருபவை. குளிர்காலம் முற்றும்போது நார்ஃபோக்கில் பத்தாயிரக்கணக்கில் இருக்கும். விடியற்காலையில் கடலோரச் சேற்றுத் திட்டுகளிலிருந்து வரிசை வரிசையாகக் கிளம்பி உள்நாட்டு வயல்களுக்குப் போகும், இருட்டும்போது திரும்பும். அவை தேடிப் போவது சுகர்பீட். சர்க்கரை எடுப்பதற்காக விளைவிக்கும் இந்தக் கிழங்கு, நார்ஃபோக் விவசாயத்தின் முதுகெலும்புகளில் ஒன்று. காண்ட்லி என்ற ஊரில் 1912இல் தொடங்கிய ஆலை பிரிட்டனின் பீட் சர்க்கரைத் தொழிலுக்கே முன்னோடி. இயந்திரம் கிழங்கைப் பிடுங்கும்போது தழையும் கிழங்கின் தலைப்பகுதியும் வயலிலேயே வெட்டுப்பட்டு விழுகின்றன. வாத்துகளுக்கு அது மாதக்கணக்கில் கிடைக்கும் சாப்பாடு.

விவசாயிக்கு இதில் நஷ்டமில்லை, அவர் வேண்டாமென்று விட்டதைத்தான் அவை தின்கின்றன. ஆனால் அறுவடை முடிந்த கையோடு வயலை உழுது அடுத்த விதைப்பைப் போட்டுவிட்டால் தழை மண்ணுக்குள் போய்விடும். வாத்துகளும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடும், அல்லது முளைத்த கோதுமையில் இறங்கி உண்மையிலேயே நஷ்டம் செய்யும். ஆகவே நார்ஃபோக்கின் மிகப் பிரபலமான குளிர்காலக் காட்சி ஒரு சர்க்கரைத் தொழிலின் லாபக் கணக்கையும் உழவு அட்டவணையையும் நம்பி நிற்கிறது. சரணாலய எல்லைப் பலகைக்கு அங்கே பெரிய வேலையில்லை.

மேற்கே வாஷ் என்ற அகண்ட வளைகுடா. இங்கே கடலின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே பெரிய ஓதத்தின்போது ஏழு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. ஏறும்போது அவ்வளவும் தண்ணீருக்குள். அந்தச் சேற்றில் மேய்பவற்றில் முக்கியமானது நாட் எனப்படும் சிறு உள்ளான். கிரீன்லாந்திலிருந்தும் கனடாவின் வடகோடியிலிருந்தும் வருகிறது. சாம்பல் நிறம், குட்டைக் கால், தனியாக நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதன் அலகு சாதாரணமானது இல்லை. நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் உண்டு; ஈரச் சேற்றில் அலகை அழுத்தும்போது தண்ணீரில் உண்டாகும் அழுத்த மாற்றத்தை வைத்தே உள்ளே கெட்டியாக ஏதாவது இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடும். சிப்பியை ஓட்டோடு முழுங்கி, தசை வலுத்த இரைப்பையில் நொறுக்கும். என்ன சாப்பாடு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அந்த இரைப்பையே பெரிதாகும், சிறிதாகும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் நன்றாக ஏறும் நாட்களில் சேறு முழுக்க மூழ்கிவிடும். ஸ்னெட்டிஷாம் கரையில் பத்தாயிரக்கணக்கான நாட் பறவைகள் ஒரே சமயத்தில் எழும்பி, புகை சுருள்வதுபோல வானத்தில் திரும்பித் திரும்பிப் பறந்து, கரைக்குப் பின்னால் இருக்கும் குளங்களில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இறங்கும். இதைப் பார்க்கத்தான் விடியுமுன் கூட்டம் கூடுகிறது. அந்தக் குளங்கள் எப்படி வந்தன? இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களுக்குக் கான்கிரீட் ஓடுதளம் போட இந்தக் கரையிலிருந்து கூழாங்கல் தோண்டி எடுத்தார்கள். தோண்டிய குழிகளில் தண்ணீர் நிரம்பியது. ஜெர்மனிக்குப் போன விமானங்களுக்காக வெட்டிய பள்ளத்தில் இப்போது ஆர்க்டிக் பறவைகள் இரண்டு மணி நேரம் கண்ணயர்கின்றன.

கோடியக்கரைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் தெரிந்த முகங்கள் சில அகப்படும். கருவால் மூக்கன் இங்கேயும் உண்டு, அதே இனம். ஆனால் நார்ஃபோக்கில் குளிர்காலம் கழிப்பவை பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்து வருபவை. கோடியக்கரைக்கு வருபவை ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து. ஒன்றையொன்று பார்க்க வாய்ப்பே இல்லை.

கவுண்டியின் தென்மேற்கு மூலையில் வெல்னி. அங்கே ஊஸ் வாஷஸ் என்று சுமார் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளவடிகால் நிலம், பக்கத்துக் கவுண்டியான கேம்பிரிட்ஜ்ஷயரிலிருந்து நீண்டு வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கார்னீலியஸ் வெர்முய்டன் சதுப்பு நிலத்தை வடிப்பதற்காக இரண்டு நேர்கோட்டு வாய்க்கால்களை வெட்டினார். அவற்றுக்கு நடுவே விடப்பட்ட பட்டை, மழைக்காலத்தில் உபரி நீரைத் தாங்குவதற்கு. பல நூறு சதுர கிலோமீட்டர் சதுப்பு அழிந்து விளைநிலமானது. இந்தப் பட்டை மட்டும் வருடாவருடம் முழுகுகிறது. அந்தத் தண்ணீரில் ஐஸ்லாந்தின் ஹூப்பர் அன்னங்களும் ரஷ்ய ஆர்க்டிக்கின் பெவிக் அன்னங்களும் இரவு தங்கும். பகலில்? சுற்றியுள்ள வயல்களில், அதே சுகர்பீட்.

மார்ச் கடைசியில் இவர்கள் கிளம்ப, மேடை கிழக்கே பிராட்ஸ் பகுதிக்கு மாறுகிறது. நாணலும் ஏரிகளும் படகுகளும் நிறைந்த இடம். இந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்றுதான் வெகு காலம் எல்லோரும் நம்பினார்கள். 1950களில் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் அடிமண்ணைத் துளையிட்டு ஆராய்ந்து, கரைகள் செங்குத்தாக வெட்டப்பட்டவை என்று காட்டினார். இடைக்கால மக்கள் அடுப்பெரிக்க கரிமண் வெட்டிய பள்ளங்கள் அவை. 14ஆம் நூற்றாண்டில் கடல்மட்டம் உயர்ந்தபோது முழுகிப்போயின.

இந்த நாணலுக்குள்தான் பிட்டர்ன் இருக்கிறது. குருகு வகை, நாணல் தண்டு நிறத்தில் கோடுகோடாக இருக்கும், ஆபத்து என்றால் அலகை வானத்துக்கு நீட்டி அப்படியே நின்றுவிடும். வசந்தத்தில் ஆண் பறவை எழுப்பும் ஒலி காலிப் புட்டியின் வாயில் ஊதினாற்போல ஆழமானது, ஐந்து கிலோமீட்டர் வரைகூடக் கேட்கும். சதுப்பை வடித்ததாலும் பறவையைத் துப்பாக்கியால் சுட்டதாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இது பிரிட்டனில் கூடுகட்டுவது நின்றுபோனது. 1911 கோடையில் எம்மா டர்னர் என்ற புகைப்படக்காரர், ஜிம் வின்சென்ட் என்ற எஸ்டேட் காவலரோடு பிராட்ஸில் ஒரு குஞ்சைக் கண்டுபிடித்துப் படமெடுத்தார். திரும்பி வந்துவிட்டது என்பதற்கு அதுதான் சான்று. எம்மா டர்னர் ஹிக்லிங் ஏரியில் படகு வீட்டில் தங்கி வேலை செய்தவர்; அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதலாம்.

ஆனால் பிட்டர்னின் கதை அங்கே சுபமாக முடியவில்லை. 1997இல் பிரிட்டன் முழுவதிலும் ஒலியெழுப்பிய ஆண்கள் 11தான். காரணம் கொஞ்சம் விநோதமானது: நாணலை யாரும் தொடாமல் விட்டது. கூரை வேய நாணல் அறுக்கும் வழக்கம் குறைந்ததும், பழைய தழை அடியில் மக்கி மண்ணாகி, நாணல்காடு மெல்ல உலர்ந்து புதராக மாறத் தொடங்கியது. தண்ணீர் இல்லையென்றால் மீன் இல்லை, மீன் இல்லையென்றால் பிட்டர்ன் இல்லை. அறுத்து, தூர் வாரி, நீர்மட்டத்தை உயர்த்தி, புதிதாக நாணல்காடுகளை உண்டாக்கியபின் எண்ணிக்கை ஏறி இப்போது 200ஐத் தாண்டியிருக்கிறது. தொடாமல் விட்டாலே காப்பாற்றியதாகிவிடும் என்று நம்புபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இதுதான்.

சேற்றுப் பூனைப்பருந்தின் சரிவு வேறு மாதிரி. டிடிடி போன்ற பூச்சிமருந்துகளின் காலத்தில் குறைந்துகொண்டே போய், 1971இல் பிரிட்டனில் கூடுகட்டிய ஜோடி ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்துக் கவுண்டியான சஃபோக்கில். இன்று நார்ஃபோக் நாணல்காட்டில் அரைமணி நேரம் நின்றால் ஒன்றைப் பார்க்காமல் வரமுடியாது. கிரேன் எனப்படும் பெருங்கொக்கு, பிரிட்டனில் சுமார் 400 ஆண்டுகளாகக் குஞ்சு பொரிக்காமல் இருந்தது. 1979இல் சில கொக்குகள் தாமாகவே பிராட்ஸில் ஹார்சி பக்கம் வந்து இறங்கித் தங்கிவிட்டன. முட்டைத் திருடர்களுக்குப் பயந்து அந்த நிலத்தை வைத்திருந்த ஜான் பக்ஸ்டன் அதை வெளியே பரப்பாமல் காத்தார். 1982இல் முதல் குஞ்சு பறந்தது.

ஏப்ரல் கடைசியில் குயில் வரும். ‘கக்கூ’ என்று தன் பெயரையே கூவும் ஐரோப்பியக் குயில். நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதுபோல் இது பிராட்ஸில் நாணல் கதிர்க்குருவியின் கூட்டில் இடும். பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையின் தலைமையகம் இதே நார்ஃபோக்கில், தெட்ஃபோர்டில் இருக்கிறது. அவர்கள் 2011இல் குயில்களின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பியபோது முதலில் தெரிந்த சேதியே பலருக்கு அதிர்ச்சி: முதிர்ந்த குயில்கள் ஜூனிலேயே கிளம்பிவிடுகின்றன. வளர்க்கக் குஞ்சு இல்லையே, தங்க என்ன அவசியம்? வருடத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில், குளிர்காலம் காங்கோ காட்டில். இத்தாலி வழியாகப் போகிறவை, ஸ்பெயின் வழியாகப் போகிறவை என்று இரண்டு கூட்டம் இருப்பதும், ஸ்பெயின் வழியில் போகிறவை அதிகம் சாவதும் பிறகு தெரிந்தது. இங்கிலீஷ் வசந்தத்தின் சின்னமாக நாள்காட்டிகளில் அச்சிடப்படும் பறவை அந்த நாட்டில் ஓரிரு மாதம் தங்கும் விருந்தாளிதான்.

தகைவிலான்கள் ஏப்ரலில் மாட்டுக் கொட்டகைகளுக்கு வரும், உழவாரன்கள் மே தொடக்கத்தில் வந்து ஆகஸ்ட் பிறக்கும்போது போய்விடும். பழைய வீட்டுக் கூரை இடுக்குதான் உழவாரனுக்குக் கூடு. வீடுகளைச் செப்பனிட்டு இடுக்குகளை அடைப்பது அதன் சரிவுக்கு ஒரு காரணம். இதில் நார்ஃபோக்குக்கென்று தனிக்கதை கிடையாது, நாடு முழுக்க இதேதான்.

தெற்கே பிரெக்லாண்ட், மணலும் கல்லும் கலந்த வறண்ட நிலம். இங்கே கோடையில் கண்கிளுவை கூடு கட்டும், அந்தியில் பக்கி கத்தும். 1942இல் ராணுவப் பயிற்சிக்காக ஸ்டான்ஃபோர்டைச் சுற்றியிருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். போர் முடிந்தபின்னும் மக்கள் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. ஆட்டு மந்தை மேய்வதால் புல் குட்டையாகவே இருக்கிறது, பூச்சிமருந்து இல்லை, பொதுமக்கள் நடமாட்டம் இல்லை. கண்கிளுவைக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான். பீரங்கிச் சத்தத்தை அது பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. ஊரை இழந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைக் கொண்டாட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வட கடற்கரையில் கோடை ஆலாக்களுடையது. 1912 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் வசம் இருக்கும் பிளேக்னி முனையிலும், ஸ்கோல்ட் ஹெட் தீவிலும் சாண்ட்விச் ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். கூடு என்பது மணலில் ஒரு குழி, அவ்வளவே. ஒரு நரி போதும், அல்லது ஜூனில் ஒரு பெரிய ஓதம் போதும், அந்த வருடத்துக் குஞ்சுகள் எல்லாம் போய்விடும். அதனால்தான் ஒரே கூட்டம் ஒரு வருடம் இங்கே, அடுத்த வருடம் பக்கத்து மணல்திட்டில் என்று மாறிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம், இலையுதிர் காலம். பறவைக் கணக்கில் அது அக்டோபரில் வருவதில்லை. ஜூன் கடைசியிலேயே, மனிதர்கள் கோடை விடுமுறைக்குப் பெட்டி கட்டுமுன், வடக்கிலிருந்து முதல் உள்ளான்கள் வட கடற்கரைக் கிராமமான கிளேயின் சதுப்பில் வந்து இறங்கிவிடும். புள்ளிச் செங்காலுள்ளான்களில் பெண் பறவை முட்டையிட்டபின் குஞ்சுகளைப் பெரும்பாலும் ஆணிடம் விட்டுவிட்டு முதலில் கிளம்புகிறது. பிறகு ஆண்கள், கடைசியில் தாமாக வழி கண்டுபிடிக்கும் குஞ்சுகள். மூன்று அலைகளாக வருகிற இந்தப் பயணம் செப்டம்பர் வரை நீளும்.

அக்டோபரில் கிழக்குக் காற்றும் மழையும் சேர்ந்தால் நார்ஃபோக்கின் தொப்பை வேலை செய்யத் தொடங்கும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து இரவில் கிளம்பிய பறவைகள் வட கடலுக்கு மேல் மோசமான வானிலையில் சிக்கி, முதலில் கண்ணில் படும் கரையில் விழுகின்றன. கோல்ட்க்ரெஸ்ட் என்ற குருவியின் எடை ஐந்தாறு கிராம்தான். அது அந்தக் கடலைத் தாண்டி வந்து, ஹோல்காம் பைன் மரங்களில் களைத்துப்போய், ஆள் கையெட்டும் தூரத்தில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பைன் மரங்களும் மணல்மேட்டை நிறுத்துவதற்காக 19ஆம் நூற்றாண்டில் நட்டவைதான்.

இந்த மாதத்தில்தான் வழிதவறிய அபூர்வங்களும் வரும், அவற்றின் பின்னால் மனிதர்களும். கைபேசி இல்லாத காலத்தில் கிளேயில் நான்சி கஃபே என்ற சிறு உணவகத்தின் தொலைபேசிதான் நாட்டின் அபூர்வப் பறவைச் செய்தி நிலையம். எங்கிருந்தாவது யாராவது கூப்பிடுவார்கள். டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து போய்ப் பேசி, என்ன பறவை எங்கே என்று குறித்துவைப்பார். 1988இல் அது மூடப்பட்டது. 2008 ஜனவரியில் கிளே கிராமத்து வீட்டுத் தோட்டம் ஒன்றில் வட அமெரிக்காவின் வெண்கொண்டைச் சிட்டு வந்து உட்கார்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் பார்க்க வந்தார்கள். அவர்கள் கொடுத்த நன்கொடை கிராமத் தேவாலயத்துக்குப் போனது. தேவாலய ஜன்னல் கண்ணாடியில் இப்போது அந்தச் சிட்டின் உருவம் இருக்கிறது.

கிளே சதுப்புக்கே ஒரு வரலாற்று இடம் உண்டு. 1926இல் சிட்னி லாங் என்ற மருத்துவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏலத்தில் அந்தச் சதுப்பைச் சுமார் 5,000 பவுண்டுக்கு வாங்கி, பறவைகளுக்காக ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். கவுண்டி அளவில் அப்படி ஒன்று அமைந்தது அதுவே முதல் முறை. இன்று பிரிட்டனில் நாற்பதுக்கும் மேற்பட்ட வனவுயிர் அறக்கட்டளைகள் அந்த முறையில் நடக்கின்றன.

இந்த வருடாந்தரச் சுற்று இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. பெவிக் அன்னங்கள் வெல்னிக்கு முன்போல வருவதில்லை. குளிர் குறைந்ததால் அவற்றில் பல ஜெர்மனியிலும் டென்மார்க்கிலுமே நின்றுவிடுகின்றன. மொத்த எண்ணிக்கையும் சரிந்திருக்கிறது. மறுபக்கம், 2010இல் ஹோல்காமில் கரண்டிவாயன்கள் கூட்டமாகச் சேர்ந்து கூடு கட்டின, பிரிட்டனில் 300 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக. ஒரு தலைமுறைக்கு முன் ஓடிப்போய்ப் பார்த்த பெரிய வெள்ளைக் கொக்கு இப்போது வாய்க்காலோரம் சாதாரணமாக நிற்கிறது.

கர்லூ என்ற நீள்மூக்குப் பறவைக்கு நடப்பது இன்னும் விசித்திரம். ராணுவ விமானத்தளங்களின் புல்வெளியில் அது முட்டையிடும். விமானத்தில் பறவை மோதும் அபாயத்தால் அந்த முட்டைகளை முன்பு அழித்துவந்தார்கள். 2021 முதல் அவற்றைச் சேகரித்து, நார்ஃபோக்கின் பென்ஸ்தார்ப்பில் பொரிக்கவைத்து, வளர்த்து, சாண்ட்ரிங்காம், கென் ஹில் பண்ணைகளில் விடுகிறார்கள். அந்தப் பண்ணைகள் ஸ்னெட்டிஷாமுக்குப் பக்கத்தில்தான், வாஷ் சேற்றுக்கு அருகில்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி கடலிடமிருந்து வருகிறது. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2013 டிசம்பர் 5 அன்று அதேபோல் கடல் மறுபடியும் பொங்கியது. இந்த முறை முன்னெச்சரிக்கை இருந்தது, ஆனால் கிளேயின் கூழாங்கல் கரை உடைந்து நன்னீர்ச் சதுப்புக்குள் உப்பு நீர் புகுந்தது. பல வருடங்களாக அந்தக் கரையை இயந்திரம் வைத்துக் குவித்து உயர்த்தி வந்தார்கள். 2013க்கு முன்பே அதைக் கைவிட்டு, கடல் போக்கிலேயே கரை தட்டையாக விட்டுவிட்டார்கள். டிச்வெல்லில் முடிவு வேறு. அங்கே சரணாலயத்தின் ஒரு பகுதியை 2011இல் வேண்டுமென்றே கடலுக்குத் திறந்துவிட்டு, அதற்குப் பின்னால் புதிய உறுதியான கரை எழுப்பி, பிட்டர்ன் இருக்கும் நாணல்காட்டைக் காத்தார்கள். உவர்நீரில் மேயும் உள்ளான்களுக்குப் புதுச் சேறு கிடைத்தது. இப்போது கடல்மட்டம் உயரும் வேகத்தில், அந்தப் புதிய கரையும் சில பத்தாண்டுகளுக்குத்தான் என்று தெரிந்தேதான் கட்டினார்கள்.